தலைப்பக்கம் பிடித்தவர் கேட்ட வார்த்தை

அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு "ஒண்ணுமில்ல" என்றுதான் பெயர். "ஒண்ணுமில்ல எங்கே? எக்ஸ்ரேவுக்கு ஆள் தூக்கணும்" என்று டாக்டர் கேட்பார். "ஒண்ணுமில்ல அண்ணே, ஏழாம் கட்டில்" என்று நர்சம்மா குரல் கொடுப்பார். அவர் செருப்பை இழுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

எலும்பு முறிவு வார்டில் அவருக்கு வேலை. நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்துவது, தள்ளிக்கொண்டு போவது, திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் சேர்ப்பது. தூக்கும்போது யாராவது "அம்மா" என்று முனகினால் போதும், அவர் வாயிலிருந்து தானாக வந்துவிடும்: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." விரல் சுளுக்கியவருக்கும் அதுதான், தொடை எலும்பு ஒடிந்தவருக்கும் அதுதான். ஒருமுறை ஒரு லாரி டிரைவர், "எலும்பு வெளிய எட்டிப் பாக்குது, ஒண்ணுமில்லங்கிற. உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று அத்தனை வலியிலும் சண்டைக்கு வந்தார். அதற்கும் அவர், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் ஆபரேஷன் அறைக்குள் போனார்.

இந்த வேலை ஆண்டவன் போட்ட பிச்சை என்று அவர் சொல்வார். அதற்கு முன்னால் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. முதுகும் சீக்கிரம் நின்றுவிடும் போலிருந்த நேரத்தில், வார்டுக்கு ஆள் தேவை என்று ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டார். "மூட்டையை எப்படித் தூக்கினாலும் அது ஒரு வார்த்தை பேசாது. மனுசங்க திட்டவாவது செய்றாங்களே" என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னாராம்.

சேர்ந்த அன்றைக்குத் தலைமை நர்சு அவரைத் தனியாக நிறுத்தி ஒன்று சொல்லியிருந்தார். வலியில் கிடக்கிறவர்கள் அழுவார்கள், உளறுவார்கள், வீட்டு ரகசியமெல்லாம் வாயில் வரும். கட்டில் பக்கத்தில் கேட்டதை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எத்தனையோ பெரிய மனிதர்கள் அவர் கையில் குழந்தை மாதிரி அழுதிருக்கிறார்கள். வெளியே ஒரு சொல் போனதில்லை.

ஊர் மைதானத்தில் பெரிய கிளப்பின் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாட்களில், ஸ்ட்ரெச்சர் தூக்க ஆஸ்பத்திரியிலிருந்துதான் ஆள் போகும். அவரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் ஒரு ஜோடி. டிரைவருக்கு "ரேடியோ" என்று பெயர். வண்டி ஓடினாலும் நின்றாலும் அவர் பேச்சு நிற்காது. கால்பந்து என்றால் அவருக்குப் பைத்தியம், அதிலும் ஊர் கிளப்பின் கேப்டன் என்றால் உயிர். ஆம்புலன்சுக்குள்ளேயே கேப்டன் படத்தை ஒட்டி வைத்து, டாக்டரிடம் பேச்சு வாங்கி, கிழித்துவிட்டு, மறுபடியும் ஒட்டியவர்.

ரேடியோ எப்போதும் கால்பக்கம், இவர் எப்போதும் தலைப்பக்கம். கால்பக்கத்துக்காரர் அடிபட்ட இடத்தைப் பிடித்துக் கட்டுப் போடவேண்டும். தலைப்பக்கத்துக்காரர் முழங்காலிட்டு, கழுத்து அசையாதபடி அடிபட்டவர் தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொள்ள வேண்டும். முகத்துக்கு மேலே முகம் இருக்கும். மைதானத்தில் ஆயிரம் சத்தம் இருந்தாலும், அந்த ஆள் மூச்சு விடுவதுகூட இவருக்குக் கேட்கும்.

அன்றைக்கு வெளியூர் அணியோடு ஆட்டம். அந்த அணியில் ஒரு முன்கள ஆட்டக்காரன் இருந்தான். கடல் தாண்டி வேறு தேசத்திலிருந்து வந்தவன், நல்ல கறுப்பு, பனைமரம் மாதிரி உயரம். சில வருஷமாக இங்கேயே ஆடியதில் தமிழ் நன்றாகப் பேசுவான். இடதுகாலால் அவன் பந்தைத் தொட்டாலே ஊர் ஜனங்கள் சாமியைக் கூப்பிடுவார்கள். அவனை எல்லோரும் "இடதுகால்" என்றே சொன்னார்கள். பாதி ஆட்டம் முடிவதற்குள் நம் கேப்டனை இரண்டு தடவை ஏமாற்றிவிட்டுப் போய் ஒரு கோலும் போட்டுவிட்டான். மூன்றாம் தடவை கேப்டன் விடவில்லை. சறுக்கிக்கொண்டு போய்க் காலோடு காலை வாரிவிட்டார். பையன் அந்த இடதுகாலையே பிடித்துக்கொண்டு விழுந்தான். நடுவர் கை காட்டினார். ஸ்ட்ரெச்சர் ஓடியது.

இவர் வழக்கம்போல முழங்காலிட்டுத் தலையை ஏந்திக்கொண்டார். ரேடியோ கணுக்காலைப் பிடித்தார். அப்போது கேப்டன் வந்தார். பனியன் கழுத்தை இழுத்து வாயை மூடிக்கொண்டு, பையனுடைய தோளில் ஒரு கையை வைத்து, காதருகே குனிந்தார். இப்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். கேமரா உதட்டைப் படித்துவிடும் என்று பயம். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், அடிபட்ட எதிரியிடம் மன்னிப்புக் கேட்கிறார், எவ்வளவு பெரிய மனது என்று எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கேப்டன் சொன்னது மன்னிப்பு இல்லை. ஒரு மிருகத்தின் பெயர். அதற்கு முன்னால் அந்தப் பையனுடைய தோலின் நிறம். மரம் ஏறப் போ என்று கடைசியாக ஒரு கட்டளை. அதை அப்படியே எழுதி இந்தத் தாளையும் அழுக்காக்க வேண்டாம்.

பையனுடைய தாடை கல் மாதிரி இறுகியதை இவருடைய உள்ளங்கைகள் உணர்ந்தன. ஸ்ட்ரெச்சர் தூக்கி நடக்கும்போது, தலைகீழாகத் தெரிந்த இவருடைய முகத்தைப் பார்த்து அவன் கேட்டான்.

"நீங்களும் கேட்டீங்கதானே?"

இவருக்கு என்ன வரும்? வருஷக்கணக்காக எது வந்ததோ அதுதான் வந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல. ஆடாம படுங்க."

பையன் கண்ணை மூடிக்கொண்டான். 

மறுநாள் விஷயம் வெடித்தது. கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து, கேப்டன் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்று அவன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான். கேப்டன் இல்லை என்றார், ஆறுதல்தான் சொன்னேன் என்றார். தோளில் கை வைத்துக் குனிந்த அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கிற எவருக்கும் அது அன்பு மாதிரிதான் தெரியும். வேறு யாராவது கேட்டார்களா என்று ஒரு நிருபர் பையனிடம் கேட்டார். அவன் ஒளிக்காமல் சொன்னான்: "என் தலையைப் பிடிச்சிருந்தவர்கிட்ட கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டார்."

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அவனுக்கு ஆதரவாக ஸ்ட்ரெச்சர்காரர்கூட இல்லை என்று சிரித்தார்கள். வார்டில், "அண்ணே, உங்க பேரு டிவியில வந்துடுச்சு" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கை குலுக்கினார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கால்பந்துச் சங்கம் விசாரணை வைத்தது. குற்றச்சாட்டு உண்மையானால் கேப்டனுக்குத் தடை. பொய் என்று முடிவானால் பையனுக்குத் தடை, அவனுடைய கிளப்பும் அவனை மூட்டை கட்டி அனுப்பிவிடும் என்று பேச்சு. இதற்கிடையில் ஊர் கிளப்பின் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். தன்மையான மனிதர், செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆண்டவனுக்குப் பயந்த மனுசர் நீங்க. அன்னைக்கு அந்தப் பையன்கிட்ட என்ன சொன்னீங்களோ, அதையே அங்கயும் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேணாம், ஒரு வார்த்தை குறைக்க வேணாம்" என்றார்.

அவர் போன பிறகு இவர் வராந்தாவில் வெகுநேரம் நின்றார். மேனேஜர் கேட்டதில் பொய் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்ல" என்று சொன்னது நிஜம். அதைச் சொன்னேன் என்று சொன்னால் அதுவும் நிஜம். இரண்டு நிஜத்தை அடுக்கி வைத்தால் எப்படி இவ்வளவு பெரிய பொய் வருகிறது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

கேப்டனை வெறுக்கவும் அவரால் முடியவில்லை. முன்பொரு ஆட்டப் பருவத்தில் கேப்டனுக்கு முழங்கால் பிய்ந்தபோது அவர் தலையைப் பிடித்திருந்ததும் இதே கைகள்தான். "இனிமே ஆட முடியாதா? என் வீடு என்னாகும்?" என்று ஆம்புலன்ஸ் வரையிலும் முகத்தை மூடிக்கொண்டு, இவருக்கு மட்டும் கேட்கிற குரலில் அழுதார். அந்த அழுகையைப் பற்றி ஒரு துளி தெரிந்திருந்தால் ரேடியோ ஊரெல்லாம் உருகிச் சொல்லியிருப்பார். முன்னால் பேசிக்கொண்டே நடந்த ரேடியோவுக்கே தெரியாது. குணமான பிறகு கேப்டன் ஒருநாள் வார்டுக்கு வந்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அது நல்ல கை. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததையும் இவர்தான் கேட்டார்.

அந்த நாட்களில் வார்டில் ஒரு மாற்றம் வந்தது. இவர் நோயாளிகளைத் தூக்குவார், கிடத்துவார், பேசமாட்டார். ஒரு பாட்டியம்மா, "என்னப்பா, எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல கிடையாதா? அவ்வளவு மோசமா இருக்கேனா?" என்று பயந்தே போனாள்.

ரேடியோவிடம் மட்டும் கேன்டீனில் மெதுவாக வாய் திறந்தார். ரேடியோ பாதியிலேயே மறித்தார். நான் கால்கிட்டதானே இருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார்.

"உனக்கு எப்படிக் கேக்கும்? நீ பேசிக்கிட்டு இருந்தே" என்றார் இவர்.

ரேடியோ எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே ஸ்ட்ரெச்சரின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். ரேடியோ பேசாமல் நடப்பதைப் பார்க்க நர்சம்மாக்கள் கதவருகே வந்து நின்றார்கள்.

மனைவிக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் கேட்டது, எப்படிச் சொல்வது? அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின், சுற்றிலும் நீலத் துணி. ஒரு மாலையில் ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. இவர் பஞ்சு எடுத்துவந்து, விரலைத் துடைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் காத்திருந்தாள். வரவேண்டியது வரவில்லை.

"என்ன, எனக்கு ஒண்ணுமில்ல சொல்ல மாட்டீங்களா? வாயில புண்ணா?"

இவர் கீழே பார்த்தபடி, "நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். எதை என்று அவள் கேட்கவில்லை. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

அவள் விரலை விடுவித்துக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நம்ம கல்யாணத்தப்ப உங்க அக்கா என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் என்ன சொன்னாங்க, ஞாபகமிருக்கா? கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்னாங்க. தங்கமான மனுசி, ஆசையாத்தான் சொன்னாங்க. எனக்கு அந்த 'இருந்தாலும்' மட்டும் இன்னைக்கு வரைக்கும் உள்ள குத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒண்ணுமில்ல, விடு என்று சொல்லியிருந்தார்.

"அடிபட்டவங்களுக்கு அது மருந்துதாங்க. நான் இல்லேங்கல. ஆனா கேட்டீங்களான்னு ஒருத்தர் கேட்டா, கேட்டேன், கேக்கல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும். சீருடை தைச்சாச்சான்னு கேட்டு வர்றவங்ககிட்ட நான் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிப் பாக்கட்டுமா? மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளுக்கு அப்புறம். ஆனாலும் தலைமை நர்சு சொன்னதை எடுத்துச் சொன்னார். கட்டில் பக்கத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது.

"அது யாருக்காகச் சொன்னது? கட்டில்ல கிடக்கிறவருக்காகத்தானே? கிடந்த பிள்ளையே வாயைத் திறந்து கேக்குதே, நீங்களும் கேட்டீங்கதானேன்னு. இனி யாருக்காகங்க பூட்டி வெச்சிருக்கீங்க?"

சொல்லிவிட்டு அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். இவர் உள்ளே போய் நெடுநேரம் ஜெபத்தில் உட்கார்ந்தார். இப்படி ஒரு மனுஷியை எனக்குக் கொடுத்தாயே என்பதற்கு மேல் அன்றைக்கு அவருக்குக் கேட்கவும் ஒன்றுமில்லை, சொல்லவும் ஒன்றுமில்லை.

விசாரணை சங்கத்துக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள், குளிர் அதிகமாக வைத்த அறை. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர். ஒரு பக்கம் கேப்டனும் வக்கீலும். மறுபக்கம் பையன், சாய்த்து வைத்த ஊன்றுகோல்களோடு. சுவரோரம் ரேடியோ. அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இவர் வந்து உட்கார்ந்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேப்டன் சொன்னது காதில் விழுந்ததா என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"விழுந்துச்சுங்க."

என்ன விழுந்தது என்று கேட்டார். அப்படிப்பட்ட வார்த்தை அவர் நாக்கில் அதுவரை வந்ததே இல்லை. பையன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மன்னிச்சுக்கோங்க. நான் உங்களைச் சொல்லல. சொன்னதைச் சொல்றேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒருமுறை சொன்னார். 

வக்கீல் எழுந்தார். அப்படியானால் அன்று எதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"தூக்கும்போது எனக்கு வேற சொல்லத் தெரியாதுங்க. யார் கிடந்தாலும் அதான் வரும். அது பதில் இல்லைங்க. அன்னைக்கு நான் பதிலே சொல்லல. அந்தத் தப்பைச் சரி பண்ணத்தான் வந்தேன்."

இத்தனை கூச்சலில் தவறாகக் காதில் விழுந்திருக்கலாமே என்றார் வக்கீல். கேட்டதைச் சொன்னேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று இவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்து ரேடியோவைக் கூப்பிட்டார்கள். 

ரேடியோ எழுந்து நின்று, தனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்றார். வக்கீல் முகம் மலர்ந்தது. ரேடியோ உட்காரவில்லை.

"ஆனா கால் என் கையில இருந்துச்சு. வலியில தொவண்டு கிடந்த கால். கேப்டன் குனிஞ்சாரு, கால் அப்படியே விறைச்சிடுச்சு. நான் தொட்டுட்டேனோ, வலிச்சிடுச்சோன்னு கையை எடுத்தேன். நான் தொடலைங்க. அன்னையிலேருந்து அது என் கையிலயே நிக்குது. கேப்டன்னா எனக்கு உசிரு, அதையும் எழுதிக்கோங்க. ஆனா ஆறுதல் சொன்னா கால் அப்படி ஆகாதுங்க."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தார். வக்கீல் மறுபடி எழப் போனார். கேப்டன் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க சார். ஒருநாள் நான் இவர் கையில கிடந்து அழுதிருக்கேன். இந்த ரூமுக்கு வெளியில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. வாயைத் திறக்காத மனுசர் திறந்திருக்கார். இவரைப் பொய்யர்னு சொல்லிட்டு, நாளைக்கு அடிபட்டா நான் எங்க போய்ப் படுப்பேன்?" என்றார். பிறகு மேஜையைப் பார்த்து, "சொன்னேன். கோபத்துல வந்துடுச்சு" என்றார்.

பையன் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"கோபம் எனக்கும்தான் வந்துச்சு. எனக்கு அந்த மாதிரி வார்த்தை வரலையே."

 நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே இருங்கள் என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். கேப்டனுக்கு அந்தப் பருவம் முடியும்வரை தடை விழுந்தது. ஊர் கிளப் வரிசையாகத் தோற்றது. பஸ் நிறுத்தத்தில் இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. முடி வெட்டுகிறவர், "காதைக் கொஞ்சம் மறைச்சே விடட்டுமா? ரொம்பத்தான் கேக்குது" என்று குத்திக் காட்டினார். கிளப்பிலிருந்து இவருக்கு அழைப்பு நின்றுபோனது. ரேடியோ மட்டும் புது ஆளோடு ஓர் ஆட்டத்துக்குப் போய்விட்டு, "தலையைத் தர்ப்பூசணி வாங்குறவன் மாதிரி தட்டிப் பாக்குறான், இவன்கூடவெல்லாம் தூக்க முடியாது" என்று திரும்பி வந்துவிட்டார். அடுத்த பருவத்தில் மேனேஜரே மறுபடி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார். கேப்டன் பையனைத் தனியாகப் போய்ப் பார்த்தார் என்று ரேடியோ சொல்கிறார். ரேடியோ சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். அந்தப் பாதி இதுவாக இருக்கட்டும் என்று இவர் வேண்டிக்கொள்கிறார்.

இவர் ஆண்டவனுக்கு நன்றி சொல்லும்போது இந்த மனிதர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். மனைவி வருவாள், ரேடியோ வருவார், நீதிபதி அம்மா வருவார். கேப்டனும் கட்டாயம் வருவார். விசாரணையிலும் அவர் மறுபடி இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊர் அவரைத்தான் நம்பியிருக்கும். சொல்லவில்லையே. தப்புச் செய்தவர் தப்பை ஒத்துக்கொண்டதும் தனக்குக் கிடைத்த உபகாரம் என்றே இவர் நினைக்கிறார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக அவர் மனதில் நிற்பது, அன்றைக்கு அறைக்கு வெளியே நடந்தது.

மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. பையன் ஊன்றுகோலை ஊன்றி வந்து அதில் உட்கார்ந்தான். இவர் அவன் கண்ணில் படாமல் படிக்கட்டுப் பக்கம் நழுவப் பார்த்தார். அவன் கூப்பிட்டுவிட்டான்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா? அங்க எங்க ஊர்லயும் என்னைப் பொய்யன்னு எழுதிட்டாங்க. அம்மா வெளியில போறதையே விட்டுட்டாங்க. நான் சொன்னா, அம்மாவுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. நீங்க ஒரு தடவை சொல்றீங்களா? அம்மா இங்க என்கூட ரெண்டு வருஷம் இருந்தவங்க, தமிழ் பேசுவாங்க."

போனில் எண்ணைத் தட்டி, இரண்டு வார்த்தை பேசி, இவரிடம் நீட்டினான். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் தெரியாத ஒரு தாய்.

"அம்மா, நான் ஸ்ட்ரெச்சர் தூக்குறவன் பேசறேன். உங்க பிள்ளை தலை என் கையிலதான் இருந்துச்சு. அவர் சொன்னது நிசம்மா. நான் கேட்டேன். உள்ளயும் சொல்லிட்டேன். முந்தியே சொல்லியிருக்கணும்."

  அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"கால் எப்படிங்க இருக்கு?"

இவருக்கு முதலில் புரியவில்லை.

"எத்தனையோ பேர் கூப்பிட்டாங்க. எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் கேட்டாங்க. பிள்ளைக்குக் கால் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கல. இவனைக் கேட்டா நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கிறான். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிறவர். பார்த்துச் சொல்லுங்க."

இவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வராந்தாத் தரையில் முழங்காலிட்டார். இத்தனை நாளாக ஊர் முழுக்க அந்தக் கணத்தையே பேசியிருக்கிறது. தான் உட்பட ஒருவரும் காலை நினைக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அசைக்கச் சொன்னார். நகத்தை அழுத்தி விட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான்.

வழக்கமான அந்த வார்த்தை இவருடைய நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினார்.

"வீக்கம் இருக்கும்மா. வலியும் இருக்கு, இவர் சொல்ல மாட்டேங்கிறார். ஆனா விரல் அஞ்சும் அசையுது. நல்ல சூடு இருக்கு, ரத்தம் சரியா ஓடுது. எலும்பு ஒடியல. படுக்கும்போது தலையணை வெச்சுக் காலைத் தூக்கி வைக்கணும், வைக்கிற மாதிரித் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டார். நாளாகும். ஆனா பந்து ஆடுற கால்தாம்மா இது, ஆடும்."

அந்த அம்மா மெல்ல மூச்சு விட்டது கேட்டது. 

"உங்க கை இப்ப அந்தக் கால் மேலதான் இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க."

இவர் போனைப் பையனிடம் கொடுத்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தார். அவன் அம்மாவோடு பேச ஆரம்பித்தான். சாப்பிட்டியா, தலையணை எத்தனை இருக்கு என்று அந்தப் பக்கம் கேள்விகள் வந்தபடி இருந்தன. கோப்புகளோடு போனவர்கள் இவரைச் சுற்றி விலகிப் போனார்கள். உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கால் சூடாக இருந்தது.